பழைய கல்யாண குரூப் போட்டோவை எப்படிப் படிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணிலிருந்தோ டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்தோ ஒரு பழைய குரூப் போட்டோ கிடைத்ததும் எல்லா வீடுகளிலும் ஒரே மாதிரிச் சந்தேகங்கள்தான் வருகின்றன. தமிழ்நாட்டில் சுமாராக 1890 முதல் 1970 வரை எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைக் குடும்பப் படங்களை மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

போட்டோ கைக்கு வந்துடுச்சு. முதல்ல எதைப் பார்க்கணும்?

முகத்தைப் பார்க்காதீர்கள். "இது நம்ம பெரியப்பா மாதிரி இல்ல?" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு எல்லோர் கண்ணுக்கும் அவர் பெரியப்பாவாகவே தெரிவார். பின்பக்கம், அட்டை, படத்தின் நான்கு ஓரங்கள், தரை, பின்னணித் துணி, வரிசை, கைகள் என்று பார்த்துவிட்டு முகத்துக்குக் கடைசியில் வாருங்கள்.

அதற்கும் முன்னால் ஸ்கேன் செய்துவிடுங்கள். கை உலர்ந்திருக்க வேண்டும், படத்தை ஓரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் எடுங்கள். போஸ்ட்கார்டைவிடச் சின்னப் படம் என்றால் 1200. டிஃப் கோப்பாக ஒரு பிரதி அப்படியே இருக்கட்டும். பெரிதாக்கிப் பார்ப்பது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் இன்னொரு பிரதியில். ஃபிரேம் கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க வேண்டாம். படத்தாளின் மேல் பூசிய ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யலாம். அசல் படத்தைப் பார்க்க 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும்.

பின்னாடி ஒண்ணுமே எழுதலை. எந்தக் காலத்துப் படம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காகிதத்திலிருந்து தொடங்குங்கள். மெல்லிய தாள் கெட்டி அட்டையில் ஒட்டப்பட்டு, வெளிர்ப் பகுதிகள் மஞ்சளாகி, லென்ஸில் பார்த்தால் காகித நாரும் மயிரிழை வெடிப்புகளும் தெரிந்தால் அது முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமின் தாள். 1850இல் வந்த இந்தத் தாள் 1890கள் வரை பெருவழக்கு. அதன் இடத்தைப் பிடித்தது ஜெலட்டின் தாள். ஜெலட்டின் படத்தைச் சாய்த்துப் பிடித்தால் கருமையான இடங்களில், முக்கியமாக ஓரங்களில், நீலம் கலந்த வெள்ளி மினுமினுப்பு தெரியும். பிளாஸ்டிக் பூச்சுள்ள வழவழத் தாள் என்றால் 1970களுக்கு வந்துவிட்டோம். இருட்டறையில் புறஊதா விளக்கு அடித்து, காகிதம் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது 1950களிலோ அதற்குப் பின்னோ செய்த காகிதம். ஒளிராவிட்டால் பழையது என்று முடிவுகட்ட முடியாது. இப்படி ஒளிரவைக்கும் ஒளிரூட்டி சேர்க்காத தாளும் பிறகு விற்பனையில் இருந்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. காகிதம் சொல்வது அந்தப் பிரதி எப்போது அச்சிடப்பட்டது என்பதை மட்டுமே. 1915இல் எடுத்த படத்தை 1975இல் காப்பி எடுத்து மாட்டிய வீடுகள் ஏராளம். கீறலும் மடிப்பும் கண்ணுக்குத் தெரிகின்றன, விரலால் தடவினால் வழவழவென்று இருக்கிறது என்றால் அது காப்பி. பழைய அட்டையின் ஓரமோ குத்திய ஊசியின் நிழலோ படத்துக்குள் விழுந்திருந்தாலும் அப்படியே.

படத்துக்குள் இருக்கும் பொருள்களும் உதவும். சுவரில் ரவிவர்மா அச்சகத்துச் சாமிப் படம் இருந்தால் 1894க்குப் பின், ஏனென்றால் அந்த அச்சகமே அப்போதுதான் தொடங்கியது. ஆண்களிடம் கைக்கடிகாரம் பரவியது முதல் உலகப் போருக்குப் பிறகு. அதற்கு முன் கோட்டுப் பையிலிருந்து தொங்கும் சங்கிலிதான். சுவரில் உறவினர் படத்துக்கு மாலை போட்டிருந்தால் அவர் அதற்குள் காலமாகிவிட்டார். தலைவர்கள் படத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது, உயிரோடு இருக்கும்போதே மாலை போட்டு வைத்தார்கள்.

ஸ்டூடியோ சீல் இருக்கு. அதை வச்சு வருஷம் சொல்லிடலாமா?

ஒரு பக்க எல்லை கிடைக்கும். முகவரியில் 6 இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு அடித்த சீல். "தமிழ்நாடு" என்று மாநிலத்தின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1969 ஜனவரிக்குப் பிறகு. மறுபக்க எல்லையைச் சீலை வைத்துச் சொல்ல முடியாது. ஸ்டூடியோக்காரர்கள் அச்சடித்த அட்டையைத் தீரும்வரை பயன்படுத்துவார்கள், ரப்பர் சீல் தேயும்வரை அடிப்பார்கள்.

சீலில் உள்ள ஊரில்தான் கல்யாணம் நடந்தது என்றும் நினைக்க வேண்டாம். கேமராப் பெட்டி, முக்காலி, திரைச்சீலை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நகரத்து ஸ்டூடியோக்காரர்கள் கிராமத்துக்கே வருவார்கள். தரையில் விரித்த ஜமக்காளத்தின் ஓரத்தைப் பாருங்கள். அதற்கு அப்பால் மண்ணோ சாணி மெழுகிய முற்றமோ தெரிந்தால் வீட்டு வாசலில் எடுத்த படம். ஸ்டூடியோவில் எடுத்தது என்றால் வரைந்த பின்னணித் திரைதான் கைரேகை: அதே மாடிப்படி, அதே தூண், அதே ஏரி இன்னொரு குடும்பத்தின் தேதியிட்ட படத்தில் கிடைத்தால் உங்கள் படமும் அந்தக் காலத்தை ஒட்டியது. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் திரட்டி மின்னுருவாக்கியிருக்கிறது. திரைகளை ஒப்பிட அந்தத் தொகுப்பு நல்ல இடம்.

பின்னாடி "யுவ வருஷம் தை மாசம்"னு எழுதியிருக்கு. அது எந்த வருஷம்?

தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பும். பிரபவ 1867, 1927, 1987. தாது 1876, 1936, 1996; பஞ்சத்தால் பேர்போன தாது வருஷம் 1876இல் வந்தது. யுவ அதற்கு முந்தியது, ஆகவே 1875 அல்லது 1935. இரண்டில் எது என்பதை மேலே சொன்ன காகிதமும் படத்துக்குள் இருக்கும் பொருள்களும் சொல்லிவிடும், 60 வருட இடைவெளியில் குழப்பம் வராது.

தவறு நடப்பது மாதத்தில்தான். தமிழ் ஆண்டு சித்திரையில், அதாவது ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. 1935 ஏப்ரலில் பிறந்த யுவ வருஷத்தின் தை மாதம் 1936 ஜனவரி நடுவில்தான் வரும். தை, மாசி, பங்குனி மூன்றுக்கும் ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கூட்டுங்கள். மார்கழி இரண்டு ஆண்டிலும் கால் வைத்திருக்கும், தேதி தெரிந்தால்தான் சொல்லலாம். தைக் கல்யாணங்கள் அதிகம் என்பதால் குடும்ப வரலாறுகளில் ஒரு வருடப் பிழை இப்படித்தான் நுழைகிறது.

நெல்லை, குமரிப் பக்கத்துப் படங்களில் "1101 தை" போல நான்கு இலக்கம் இருந்தால் அது கொல்லம் ஆண்டு. ஆவணியிலிருந்து மார்கழிப் பாதிவரை 824, தையிலிருந்து ஆடிவரை 825 கூட்ட வேண்டும். 1101 தை என்றால் 1926.

எழுதியது யார், எப்போது என்பதும் முக்கியம். பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய எழுத்து. 1920களின் படத்தில் அது இருந்தால் யாரோ பின்னாளில் நினைவிலிருந்து எழுதியது. "சின்ன மாமா" என்று இருந்தால் எழுதினவருக்குத்தான் அவர் சின்ன மாமா. உங்கள் அம்மாவின் கையெழுத்தா பாட்டியின் கையெழுத்தா என்பதைப் பொறுத்து ஆளே மாறிவிடுவார்.

கல்யாணப் பொண்ணு ஏன் கறுப்புச் சேலை கட்டியிருக்கா? நம்ம பக்கம் அப்படிக் கட்டவே மாட்டாங்களே?

கட்டவில்லை. அது அரக்கோ குங்குமச் சிவப்போதான். ஃபிலிமுக்குப் பதிலாகக் கேமராவில் போட்ட பழைய கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. தொடக்கத் தகடுகள் நீலத்தை மட்டுமே உணர்ந்தன. பிறகு வந்த ஆர்த்தோகுரோமேட்டிக் தகடு பச்சையையும் உணர்ந்தது, சிவப்பை உணரவில்லை. சிவப்புச் சேலை தகட்டில் எதையும் பதிக்காது, பிரிண்டில் கன்னங்கரேலென்று விழும். நீலச் சேலை மாறாக வெளுத்துப்போய், ஏறக்குறைய வெள்ளையாகத் தெரியும். எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமேட்டிக் தகடு 1906இலேயே விற்பனைக்கு வந்தாலும், சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துக் கழுவ முடியும் என்பதால் ஸ்டூடியோக்காரர்கள் பழைய வகையை நெடுநாள் விடவில்லை.

இதைச் சோதிக்க லென்ஸை மணப்பெண்ணின் நெற்றிக்குக் கொண்டுபோங்கள். குங்குமப் பொட்டு மை வைத்தது போலக் கறுப்பாக இருக்கும், வெற்றிலை போட்ட உதடும் அப்படியே. இவை இரண்டும் கறுப்பாக இருந்தால் சேலையின் கறுப்பும் அநேகமாகச் சிவப்புதான் என்று சொல்லலாம். மஞ்சள் பூசிய முகமும் தொடக்கத் தகடுகளில் இருண்டு விழும். ஆகவே "கொள்ளுப்பாட்டி நல்ல கறுப்பு" என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்லாதீர்கள். நெகட்டிவில் பென்சில் வைத்து முகத்தை வெளுப்பாக்கும் ரீடச்சிங்கும் வழக்கத்தில் இருந்தது, ஆக அந்தப் பக்கமும் நம்ப முடியாது.

நிறமூட்டும் செயலிகளில் போட்டால் இந்த அரக்குச் சேலைக்குக் கறுப்பையோ கருநீலத்தையோதான் கொடுக்கும். அந்தப் படத்தை உறவினர்களுக்கு அனுப்பினால் அதன் பிறகு எல்லோர் நினைவிலும் அந்த நிறமே நிற்கும். அனுப்பத்தான் வேண்டும் என்றால் கறுப்பு வெள்ளைப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஒருத்தர் முகத்துலயும் சிரிப்பே இல்லையே. வீட்டுல ஏதாவது சண்டையா?

இல்லை. நிழலான முற்றத்தில் மெதுவான தகட்டில் எடுக்க ஒரு வினாடியோ அதற்கு மேலோ அசையாமல் இருக்க வேண்டும். சிரிப்பை அவ்வளவு நேரம் நிறுத்தி வைக்க முடியாது. முன்வரிசைக் குழந்தைக்கு இரண்டு தலை இருப்பது போலத் தெரிவதும் இதனால்தான், அது தலையைத் திருப்பியிருக்கிறது.

யார் எங்கே உட்கார்ந்திருக்காங்கன்னு வச்சு உறவைச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும், படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நாற்காலி வரிசை மரியாதையின் வரிசை. நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும், அவர்களை ஒட்டிச் சம்பந்திகள், தாத்தா பாட்டிகள், தாய்மாமன். மணமக்கள் கீழே ஜமக்காளத்தில் உட்கார்ந்து பெரியவர்கள் மட்டும் நாற்காலியில் இருந்தால் படம் பெரியவர்களுக்காக எடுக்கப்பட்டது. பின்னால் நிற்பவர்கள் இளைஞர்கள், வீட்டு மாப்பிள்ளைகள், தூரத்துச் சொந்தம், நண்பர்கள்.

நடுக்கோட்டின் ஒருபக்கம் பெண் வீடு, மறுபக்கம் மாப்பிள்ளை வீடு என்று நிற்பது பொதுவழக்கம், ஆனால் சட்டம் இல்லை. உயரம் பார்த்து மாற்றி நிறுத்துவது போட்டோக்காரர் வேலை. உறுதியாகத் தெரிந்த ஒருவரை இருபக்கத்திலும் கண்டுபிடித்த பிறகுதான் இந்தப் பிரிவை நம்புங்கள்.

கைகளைப் பாருங்கள். முன்னால் இருப்பவரின் தோளில் கை வைத்திருப்பவர் நெருங்கியவர். நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தால் அது போட்டோக்காரர் சொல்லி வைத்ததாக இருக்கலாம். மடியில் குழந்தை இருப்பதாலேயே அவள் தாய் ஆகிவிட மாட்டாள். தாய் சமையல்கட்டில் நிற்க, அத்தையோ பாட்டியோ குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஓரங்களை விட்டுவிடாதீர்கள். நாயனத்தை நெஞ்சோடு அணைத்து நிற்பவர், தூணுக்குப் பின்னிருந்து எட்டிப் பார்க்கும் பெண், துண்டை இடுப்பில் கட்டி நிற்கும் ஆள் எல்லோரும் அன்று அந்த வீட்டில் உழைத்தவர்கள். குடும்பப் பட்டியல்களில் "வேலைக்காரர்" என்று மட்டும் எழுதி முடித்துவிடுகிறார்கள். பெயர் தெரிந்த பெரியவர் இன்னும் இருந்தால் அவர்கள் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.

மாலை போட்டிருக்காங்க, அப்போ கல்யாணம்தானே?

அவசரப்படாதீர்கள். மாலை போட்ட ஜோடிக்கு வயது கூடுதலாகத் தெரிந்து, பின்னால் வளர்ந்த மகன்களும் மருமகள்களும் நின்றால் அது அறுபதாம் கல்யாணம். அப்படியானால் அது உங்களுக்கு அதிர்ஷ்டம்: படத்தின் ஆண்டு தெரிந்தால் தாத்தா பிறந்த ஆண்டு கிடைத்துவிடும், ஏனென்றால் அவர் பிறந்த தமிழ் ஆண்டே திரும்ப வரும்போதுதான் அது நடக்கும். நடுவில் ஒரு பெண் மட்டும் மாலையோடு, கை நிறைய வளையலோடு இருந்தால் வளைகாப்பு. பூத்தைத்த சடை தெரிவதற்காகப் பின்னால் கண்ணாடி வைத்து எடுத்த படம் வளைகாப்பாகவும் இருக்கலாம், சடங்கான பெண்ணின் படமாகவும் இருக்கலாம். கழுத்தில் தாலிச் சரடு இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள்.

மாலை மாற்றிய மணமக்கள், மேசை, மைக், பேசும் தலைவர் ஒருவர், அருகில் அக்னியும் இல்லை புரோகிதரும் இல்லை என்றால் சுயமரியாதைத் திருமணம். இவை 1920களின் பிற்பகுதியிலிருந்தே நடந்தன, சட்ட ஏற்பு கிடைத்தது அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறிய திருத்தத்தால். ஆகவே இதை வைத்து "1967க்குப் பிறகு" என்று எழுதக் கூடாது.

எல்லாரும் ஒருத்தரைச் சுத்தி உட்கார்ந்திருக்காங்க. அவர் மட்டும் கண்ணை மூடியிருக்கார். இது என்ன விசேஷம்?

அது பெரும்பாலும் சாவு வீட்டுப் படம். உயிரோடு இருந்தபோது ஒரு படம்கூட எடுக்காதவரை, கடைசியாக நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, குடும்பத்தைச் சுற்றி வைத்து எடுப்பது பரவலான வழக்கமாக இருந்தது. தாடையைச் சுற்றித் தலைக்கு மேல் போகும் நாடிக்கட்டு, நெற்றியில் காசு, சுற்றி இருக்கும் பெண்களின் அவிழ்ந்த கூந்தல் இவற்றைத் தேடுங்கள். உடலைச் சாய்ந்துவிடாமல் துணியால் கட்டியிருப்பதும் தெரியலாம். கண் மட்டும் மூடியிருந்து மற்ற எதுவும் இல்லை என்றால் படம் எடுத்த நேரத்தில் அவர் வெறுமனே கண்ணை மூடியிருக்கலாம்.

பொண்ணுக்குப் பத்து வயசுகூட இருக்காது போலிருக்கே. இவதான் மணப்பொண்ணா?

இருக்கலாம். சாரதா சட்டம் என்று பேர்பெற்ற குழந்தை மணத் தடைச் சட்டம் 1929இல் நிறைவேறி 1930 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயது 14, ஆணுக்கு 18. அமலுக்கு வருமுன் முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாக நடந்த கல்யாணங்கள் நிறைய. பிறகும் மீறல்கள் நடந்தன. சின்னப் பெண் என்பதற்காகவே 1930க்கு முன் என்று தேதி போடாதீர்கள். மணப்பெண்ணின் தங்கையையும் அதே போல அலங்கரித்து உட்காரவைப்பார்கள். மாலையும் மணிக்கட்டுக் காப்பும் யாரிடம் என்று பாருங்கள்.

முந்தானை வலது தோளில் விழுந்திருக்கு. நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்துட்டாங்களா?

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பொதுவாக முந்தானை இடது தோளில்தான். ஆனால் ஐயர் வீட்டு மடிசாரில் அது வலது தோளில் விழும், ஐயங்கார் மடிசாரில் இடது தோளில். ஆகவே ஒரு சேலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆண்களைப் பாருங்கள். சுப காரியத்தில் பூணூல் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு இறங்க வேண்டும். சட்டையில் பொத்தான் அவர்களுடைய வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். கைக்கடிகாரம் பெரும்பாலும் இடது கையில். பெயர்ப்பலகையோ நாள்காட்டியோ இருந்தால் எழுத்தே சொல்லிவிடும். எழுத்து இல்லையென்றால், இவற்றில் குறைந்தது இரண்டாவது இடம் மாறியிருந்தால்தான் படம் திரும்பியிருக்கிறது என்று சொல்லலாம். அப்போது வலப்பக்கம் பெண் வீடு என்று போட்ட கணக்கையும் மாற்ற வேண்டும்.

ஒரு ஆள் மட்டும் ஒட்டவச்ச மாதிரி இருக்காரே?

ஒட்டித்தான் இருப்பார்கள். இறந்துபோன அப்பா, ரங்கூனிலோ சிங்கப்பூரிலோ இருந்த அண்ணன் ஆகியோரை வேறொரு படத்திலிருந்து வெட்டிச் சேர்த்து மறுபடி காப்பி எடுப்பது ஸ்டூடியோக்களின் வழக்கமான வேலை. மூக்கின் கீழ் விழும் நிழல் மற்றவர்களுக்கு ஒருபக்கமும் அவருக்கு மறுபக்கமும் இருக்கும். தலை அளவு பொருந்தாது, தோள் ஓரத்தில் தூரிகைக் கோடு தெரியும், கால் தரையில் பதியாது. அந்தப் படத்தை வைத்து "அன்று அவர் வந்திருந்தார்" என்று எழுதாதீர்கள். அவர் இருக்க வேண்டும் என்று வீடு விரும்பியது என்பதற்கு மட்டுமே அது சான்று.

கணவர் இறந்த பாட்டி அந்தச் சமயம் உயிரோடதான் இருந்தாங்க. ஏன் படத்தில் இல்லை?

கைம்பெண்கள் மங்கல நிகழ்ச்சியின் முன்னால் வரக் கூடாது என்ற கொடுமையை அந்தக் காலம் கடைப்பிடித்தது. பின்னணியில், கதவிடுக்கில், மாடி ஜன்னலில் வெள்ளைச் சேலைத் தலைப்பு தெரிகிறதா என்று ஸ்கேனைப் பெரிதாக்கித் தேடுங்கள். பல படங்களில் அங்கேதான் இருக்கிறார்கள். எங்குமே இல்லையென்றாலும் "இருந்தும் படத்தில் இல்லாதவர்கள்" என்று தனியாக ஒரு வரி எழுதி அவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

தாத்தா ஒரு பேர் சொல்றார், அத்தை வேற பேர் சொல்றாங்க. யாரை நம்புறது?

இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டதுதான் சிக்கல். ஒவ்வொரு முகத்தையும் தனியாக வெட்டிப் பெரிதாக்கி, ஒவ்வொரு பெரியவரிடமும் தனித்தனியாகக் காட்டுங்கள். "இது ராமு சித்தப்பாவா?" என்று கேட்காமல் "இது யாரு?" என்று மட்டும் கேளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாதீர்கள். பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பெயரை யோசிக்கும்போது வேறு நாலு விஷயம் வந்து விழும்.

பிறகு கைக்குழந்தையைப் பிடியுங்கள். படத்தில் பிறந்த ஆண்டு தெரிந்த ஒரு சின்னக் குழந்தை இருந்தால் தேதி ஓரிரு வருடத்துக்குள் அடங்கிவிடும், அந்தத் தேதியில் உயிரோடு இல்லாதவர்களின் பெயர்கள் தானாகக் கழியும். கல்யாணப் பத்திரிகையும் மொய் நோட்டும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். மொய் நோட்டில் ஊரும் பெயருமாக வந்தவர்கள் வரிசையாக இருப்பார்கள்.

கண்டுபிடிச்சதை எங்கே எழுதி வைக்கிறது? பின்னாடியே எழுதிடலாமா?

பேனாவால் வேண்டாம்: மை ஊறி முன்பக்கம் வரும், பால்பாயின்ட் அழுத்தம் முகத்தில் மேடு தட்டும். மெல்லிய வெண்தாளை ஸ்கேன் பிரிண்டின் மேல் வைத்துத் தலைகளின் வெளிக்கோட்டை வரைந்து, கீழ்வரிசையில் பார்ப்பவருக்கு இடமிருந்து தொடங்கி எண் கொடுங்கள். பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் பெயர், மணமக்களில் யாருக்கு என்ன உறவு, சொன்னவர் யார், சொன்ன தேதி, "உறுதி", "அநேகமாக", "ஊகம்" மூன்றில் ஒன்று. பெயர் தெரியாத எண்ணையும் காலியாக விட்டுப் பட்டியலில் வைத்திருங்கள், அடுத்த கல்யாணத்துக்கு வரும் தூரத்துச் சொந்தம் ஒருவர் அதை நிரப்பக்கூடும். அசலின் பின்பக்கம் 2பி பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று ஒரு வரி மட்டும்.